ஒரு கொத்து மிச்சம்

அத்தியாயம் 6

சாமி படங்கள் எதிலும் ஒரு பூ இல்லை. கலாவதி மேடம் அதைத்தான் ஐந்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோட் மாட்டும் அலமாரியைப் பூஜை அறை ஆக்கியிருந்தார்கள். மேல்தட்டில் முருகனும் அங்காளம்மனும், கீழே இருபது பவுண்டு அரிசி மூட்டை. ஸ்மோக் அலாரத்துக்குப் பயந்து, நாங்கள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் பாதி வீடுகளில் சாமிக்கு பேட்டரி விளக்குதான். இங்கே அதைக்கூட மூன்று நாளாக யாரும் போட்டிருக்கவில்லை.

"மேடம், காணாமப் போனது கிட்டுசாமி. முருகன் இல்ல. அவர் இங்கதான் இருக்கார்," என்றேன்.

"வாயை மூடு, சேனாபதி."

சேனாபதி நான்தான். பதினெட்டு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்தேன். போன வருஷம் என் வேலையைச் செய்ய ஒரு புரோகிராம் வந்தது, நான் வெளியே வந்தேன். மேடம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் க்ளெய்ம்களைத் தோண்டி எடுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் லைசென்ஸ் வைத்திருக்கிறார். கார் ஓட்டுவது நான், யோசிப்பது அவர். பேசுவது பெரும்பாலும் நான், அதை நிறுத்தச் சொல்வது அவர்.

எங்களைக் கூப்பிட்டவன் சபரிநாதன். கோபிச்செட்டிபாளையத்துக்காரன், மருந்து கம்பெனி ஒன்றில் ஐ.டி. வேலை. அவன் அப்பா கிட்டுசாமி, எழுபத்துமூன்று வயது, விசிட்டர் விசாவில் ஏப்ரலில் வந்தவர். செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வாக்கிங் போனவர் திரும்பவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. போலீஸ் நாய் கொண்டுவந்தது, ஹெலிகாப்டர் பறந்தது, அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் ஆள் இறங்கித் தேடியும் பார்த்தாயிற்று. திங்கள் ராத்திரி பெய்த மழை புதன்கிழமையும் பெய்ததில் நாய்க்கு மோப்பம் போய்விட்டது.

சபரிநாதன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் தாடி. மடியில் ஒரு காகிதம், மடித்து மடித்துப் பிரித்ததில் கிழியும் நிலையில் இருந்தது.

"இதைப் போலீஸ்கிட்ட காட்டலைங்க அக்கா," என்று மேடத்திடம் நீட்டினான்.

வீடுகளை வாடகைக்கு விடும் லீஸிங் ஆபீஸ் இவர்கள் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போன எச்சரிக்கைக் கடிதம். தேதி ஜூன் நான்கு. யாரோ குடித்தனக்காரர் எடுத்துக்கொடுத்த போட்டோவும் இருந்தது. மங்கி குல்லா போட்ட பெரியவர் ஒருவர் நீலப் பந்து மாதிரி பூக்கும் புதர்ச் செடியிலிருந்து பூப் பறித்து பிளாஸ்டிக் கவரில் போடுகிறார். 'ஒவ்வொரு செடியிலும் ஒன்றைத் தவிர எல்லாப் பூக்களும் பறிக்கப்பட்டுள்ளன' என்று கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

"ஒன்றைத் தவிரவா? அப்ப இவர் திருடன் இல்ல, பங்காளி," என்றேன்.

சபரிநாதன் சிரிக்கவில்லை. "ஊர்லயும் அப்பா அப்படித்தாங்க. எந்தச் செடியில பறிச்சாலும் ஒண்ணை விட்டுருவாரு. செடி மூளியா நிக்கக்கூடாதும்பாரு. நான்தான் அன்னைக்கு ரொம்பக் கத்திட்டேனுங்க. பூ இல்லாம உங்க சாமி பட்டினி கிடக்குமா, லீஸை கேன்சல் பண்ணிட்டா குழந்தையோட எங்க போறது, பேசாம ஊருக்கே போயிருங்கன்னு சொல்லிட்டேன். டிக்கெட்டையும் முன்னாடி மாத்திட்டேன்."

"அப்பா என்ன சொன்னார்?" என்று மேடம் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலைங்க. சரி சாமின்னார், என்னை அப்படித்தான் கூப்பிடுவாருங்க." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதுங்க. அவரு வழி தவறிப் போனாரா, இல்ல நான் சொன்னதுக்காகப் போனாரா. அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

மேடம் பிரீத்தியின் பக்கம் திரும்பினார். பிரீத்தி சபரியின் மனைவி. சமையல் மேடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"பிரீத்தி, சாமி படத்துல பழைய பூவை நீ எடுத்தியாம்மா?"

"இல்ல ஆன்ட்டி. அந்த ஷெல்ஃபை நான் தொடவே மாட்டேன். எல்லாம் மாமாதான். காலைல எந்திரிச்சதும் முத நாள் பூவை எடுத்து ஒரு பேப்பர் கவர்ல போடுவாங்க. வாக்கிங் போயிட்டுப் புதுப்பூவோட வருவாங்க."

"பழசைக் குப்பைல போடுவாரா?"

"ஐயோ, ஒரு தடவை நான் போட்டுட்டேன். சாமிக்கு வெச்சதைக் குப்பைல போடலாமா, கால்படற இடத்துல கிடக்கலாமான்னு கைவிட்டு எடுத்தாங்க. அதுக்கப்புறம் நான் கண்டுக்கறதில்ல."

"அப்ப எங்கே போடுவார்?"

பிரீத்தி சபரியைப் பார்த்தாள். சபரி பிரீத்தியைப் பார்த்தான். அவள் வழியாகப் போகிறது என்று அவனும், அவன் பார்த்துக்கொள்கிறான் என்று அவளும் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதெல்லாம் லீஸ் பேப்பரில்தான்.

"ஓடற தண்ணியில விடுவார்," என்றார் மேடம். "குளத்துல விடமாட்டார், அது தேங்கின தண்ணி. போலீஸ் குளத்தைக் கலக்கினது வீண். சபரி, அப்பா போன்ல பூஜை போட்டோ எடுப்பாரா?"

"தினமும் எடுப்பாருங்க. ஊர் ஃபேமிலி குரூப்புல போட்டுருவாரு. சிம் இல்லாத போன், வீட்டு வைஃபைல மட்டும்தான் வேலை செய்யும். அதனால வாக்கிங் எடுத்துட்டுப் போகமாட்டாரு."

சபரி தன் போனில் குரூப்பைத் திறந்து காட்டினான். முருகன், வணக்கம். முருகன், வணக்கம். மேடம் விரலால் தள்ளிக்கொண்டே போனார். மே மாதக் கடைசி முழுக்க முருகனின் காலடியில் நீலப் பூ. ஜூன் நான்கு வரை நீலம். ஐந்தாம் தேதி பூவே இல்லை. ஆறாம் தேதியிலிருந்து வெள்ளை.

"அதே செடிதாங்க. மண்ணைப் பொறுத்துக் கலர் மாறும்னு சொல்வாங்கல்ல," என்றான் சபரி. "திரும்பவும் இங்கயேதான் பறிக்கறாருன்னு அப்ப எனக்கு இன்னும் கோவம் வந்துச்சுங்க."

மேடம் படத்தைப் பெரிதாக்கினார். "மாறுறது நர்சரில வாங்கி நடற ஹைட்ரேஞ்சியா. அதுவும் நீலம், ரோஸ்னு மாறும், ரெண்டே நாள்ல இப்படி வெளுக்காது. இதைப் பாரு. கொத்து தட்டையா இருக்கு. நடுவுல கடுகு மாதிரி பொடிப்பூ, ஓரத்துல மட்டும் நாலைஞ்சு பெரிய இதழ். இது காட்டு ஹைட்ரேஞ்சியா. எந்த மண்ணுல வெச்சாலும் வெள்ளைதான். யாரும் நட்டு வளர்த்தது இல்ல, அதனால யாரும் லெட்டர் அனுப்பமாட்டாங்க."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"பார்க்ல போர்டு வெச்சிருக்கான். நீ பெஞ்சைத் தேடறப்போ நான் அதைப் படிப்பேன். இது நிழல்ல, சரிவுல, ஈரமான கரையில வளரும். சேனாபதி, இந்தப் பக்கம் ஓடற தண்ணி எங்கே இருக்கு?"

நானும் இதே காம்ப்ளெக்ஸில்தான் இருக்கிறேன், எட்டாம் பிளாக்கில். "டென்னிஸ் கோர்ட்டுக்குப் பின்னாடி காடு இருக்கு. அதுக்குள்ள ஒரு ஓடை. ஆனா அது கால்மணி நேர நடை மேடம். மண்பாதை."

"அப்பாவுக்கு முட்டிவலிங்க," என்றான் சபரி. "அவ்வளவு தூரம் போகமாட்டாருன்னு போலீஸ்லயும் நான்தான் சொன்னேன்."

"உன் லீஸுக்காகத்தான் போயிருக்கார்," என்றார் மேடம். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் அடிபட்டவன் போல உட்கார்ந்துவிட்டான்.

அவனை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

டென்னிஸ் கோர்ட்டைத் தாண்டியதும் வெயில் நின்றுவிட்டது. பாதை இறங்கியது. எனக்கு மூச்சு வாங்கியது. எழுபத்துமூன்று வயதில், முட்டிவலியோடு, ஒரு கை பூவுக்காக இந்தச் சரிவில் தினம் இறங்கி ஏறியிருக்கிறார் என்று நினைத்ததும் கேலி பண்ண வாய் வரவில்லை. சரிவின் பாதியில் மேடம் நின்றார்.

இடுப்பு உயரத்தில் ஒரு செடி. நெஞ்சு வடிவ இலைகள். உச்சியில் ஒரே ஒரு வெள்ளைக் கொத்து. மற்ற கிளைகளில் காம்பு மட்டும்.

"மான் தின்னிருக்கு," என்றேன்.

"மான் தின்னா இலையோட தின்னும். மரியாதைக்கு ஒரு கொத்தை விட்டுட்டும் போகாது."

பத்தடி தள்ளி அடுத்த செடி. அதிலும் ஒரு கொத்து மிச்சம். அதற்கடுத்து மூன்றாவது. பறித்த காம்புகள் முதல் செடியில் கறுத்துக் காய்ந்திருந்தன, தள்ளிப் போகப் போக நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையானது. பக்கத்தில் இருந்ததை முதலில் பறித்துவிட்டு, நாள் ஆக ஆகத் தூரம் போயிருக்கிறார். போலீஸ் நாய்க்குக் கிடைக்காத வழியைக் கிட்டுசாமி செடிக்கு ஒன்றாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். சரிவில் எங்காவது கால் பிசகி விழுந்திருக்கலாம், எங்கள் குரல் கேட்டு முனகலாம் என்று "ஐயா! கிட்டுசாமி ஐயா!" என்று கத்தினேன். ஒரு பறவைதான் எழுந்து பறந்தது.

ஒன்பதாவது செடி ஓடையின் விளிம்பிலேயே, தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. கரை அங்கே செங்குத்தாக ஆறடி இறங்கியது. ஓடை இன்னும் கலங்கலாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. செடிக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டைப் பாறை. அதன் மேல் நீல வார் வைத்த ஹவாய் செருப்பு, ஒரு ஜோடி, அருகருகே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

மேடம் போனை எடுத்துப் போலீஸ் டிடெக்டிவைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் ஒரு ஆபீசர் ஓடி வந்தார். இளைஞர். செருப்பைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "ஐ ஆம் ஸோ ஸாரி," என்றார். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார், போக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இப்படிச் செய்வதுண்டு, வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அந்தக் கடிதமும் 'சரி சாமி'யும் ஞாபகம் வந்தன. சபரிநாதனிடம் போய் இதைச் சொல்வது யார் என்று யோசித்தேன். நான் மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மேடம் ஆபீசரிடம் ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். சாமிக்கு வைத்த பூவைத் தண்ணீரில் விடும்போது எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டுக்கொண்டு விடமாட்டார்கள். கோயிலுக்குள் போவது மாதிரிதான். இது சாகப் போகிறவர் செய்வது இல்லை. "அந்தச் செடியைப் பாருங்கள்," என்று காட்டினார்.

தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்த மூன்று கிளைகளில் பட்டை உரிந்து தொங்கியது. வெளிப்பட்டை பழுப்பு. அதற்கு உள்ளே இன்னொன்று ரோஸ் நிறம். அதற்கும் உள்ளே வெளிறிய பச்சை. ஏடு ஏடாக, முழ நீளத்துக்குக் கீழ்நோக்கி உரிந்திருந்தது.

"இந்தச் செடிக்கு ஏழுபட்டைன்னு இங்க ஒரு பேர் இருக்கு," என்று என்னிடம் தமிழில் சொன்னார். "ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு உரியும். கெட்டியா பிடிக்க முடியாது. கால் வழுக்கினதும் முதல் கிளையைப் பிடிச்சிருக்கார். பட்டை உரிஞ்சு கையோட வந்திருக்கு. ரெண்டாவதைப் பிடிச்சிருக்கார். அப்புறம் மூணாவது. பூவைக்கூட நகத்தால கிள்ளி எடுக்கறவர் சேனாபதி. கிளையை ஒடிக்கிற ஆளே இல்ல. சாகப் போனவன் எதுக்கு மூணு கிளையைப் பிடிக்கணும்?"

ஆபீசர் அதையெல்லாம் போட்டோ எடுத்தார். ரேடியோவில் படகு கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. சபரிக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது. அவர் உன் பேச்சுக்காகப் போகவில்லையடா, வழுக்கி விழுந்துவிட்டார். கெட்ட செய்திதான், ஆனாலும் அவன் தாங்கிக்கொள்ளக்கூடிய கெட்ட செய்தி.

"கிளம்பலாமா மேடம்?"

"இரு. அந்தச் செருப்போட முனை எந்தப் பக்கம் பார்க்குது?"

பார்த்தேன். பாதைப் பக்கம் பார்த்தது.

"தண்ணியை நோக்கி நடந்து போறவர் கழட்டி விட்டா முனை தண்ணிப் பக்கம்தானே இருக்கணும்? நீ கோயில்ல திருப்பி வெச்சுட்டா உள்ள போவே? யாரோ திருப்பி வெச்சிருக்காங்க. மேலே ஏறி வந்தா மாட்டிக்க வசதியா இருக்கட்டும்னு." மேடம் பாறைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இங்கேயும் பாரு."

செருப்புக்குப் பின்னால் மூன்று சிறு குவியல்கள் இருந்தன. ஒன்று கருகிய பூ, மழையில் ஊறிப் பாறையோடு ஒட்டியிருந்தது. இரண்டாவது வாடிய பூ. மூன்றாவது புத்தம் புதுசு, இன்று காலை வைத்தது. மூன்றிலும் வெள்ளைப் பூவோடு சின்னச் சின்ன இலைகள் கலந்திருந்தன. மேடம் ஒன்றை எடுத்துக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார்.

துளசி.

"மேடம், துளசியைக் கடைசியில, வாயில தண்ணியோட..."

"ஆமா. வைக்கிறவருக்குக் கிட்டுசாமி திரும்பி வரமாட்டார்னு தெரியும். புதன்கிழமையிலேருந்தே தெரியும். ஊரே தேடிக்கிட்டிருக்கு, ஹெலிகாப்டர் பறக்குது, ஒருத்தர் மட்டும் தினமும் இங்க வந்து பூ வெச்சுட்டுப் போறார். ஜூன் மாசத்துல இவ்வளவு முத்தின துளசி இந்தக் காம்ப்ளெக்ஸ்ல யார்கிட்ட இருக்கு?"

இதற்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. எங்கள் காம்ப்ளெக்ஸில் இருநூறு தமிழ்க் குடும்பங்கள், வருஷத்துக்கு இருநூறு துளசிச் செடிகள். எல்லாம் பனி விழுந்ததும் செத்துப் போகும். என் மனைவி மூன்று முறை வாங்கி மூன்று முறை சாகடித்தாள். ஒரே ஒரு வீட்டுத் துளசி மட்டும் நாலு வருஷமாகப் பொழைத்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க விளக்கு வைத்து, கம்பளி போர்த்தி, குழந்தை மாதிரி வளர்த்தது. பதினாலாம் பிளாக், இரண்டாம் மாடி. கிட்டுசாமியோடு தினமும் வாக்கிங் போகிற கஸ்தூரிரங்கன் மாமா.

"ஆனா அவருக்கு அன்னைக்கு ஜுரம், வாக்கிங்கே போகலைன்னு போலீஸ்கிட்ட சொன்னாராமே," என்றேன்.

"சொன்னார்," என்ற மேடம், கிட்டுசாமியோடு யாரோ இருந்திருக்கிறார், பதினாலாம் பிளாக்கில் விசாரிக்கப் போகிறோம் என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

கதவைத் திறந்தவர் கஸ்தூரிரங்கன்தான். மகளும் மருமகனும் ஆபீஸ் போயிருந்தார்கள். எழுபத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கோடு. மேடம் உள்ளே வந்து எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த துளசி இலையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அவ்வளவுதான். மாமா அதைப் பார்த்துவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எம்பொண்ணுக்குத் தெரியாது," என்றார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வர்ற வியாழக்கிழமை எனக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ. போலீஸ் விவகாரம்னு பேர் அடிபட்டாலே போச்சும்பா. ஆனா அதுக்காக மட்டும் இல்லை."

"என்ன நடந்தது மாமா?"

"தினமும் ரெண்டு பேரும்தான் போவோம். அவருக்குப் பேச ஆள் வேணும், எனக்கும் வேணும். அன்னிக்கு மழை பெஞ்சு கரை ஊறிக் கிடந்தது. பூவைத் தண்ணியில விட்டுட்டு, அந்தச் சாஞ்ச செடியில நாலு கொத்து இருக்கு, எட்டிடும்னார். வேண்டாம்னேன். கரை அப்படியே சரிஞ்சுது." உள்ளங்கையை மேஜை மேல் சரித்துக் காட்டினார். "இடுப்பு வரைக்கும் தண்ணி. கிளையைப் பிடிச்சுண்டுட்டார். நான் கையை நீட்டினேன், எட்டலை. மஃப்ளரை வீசினேன், எட்டலை. எனக்கு நீச்சல் தெரியாது. சாமி, ஆளைக் கூட்டிட்டு வாங்க, நான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னார். சாதாரணமாத்தான் சொன்னார். கடைக்குப் போய்ட்டு வாங்கோன்னு சொல்றாப்ல."

"நீங்க ஓடி வந்தீங்க."

"ஓடி வந்தேன். எம்பொண்ணு ஆபீஸ் போயாச்சு. என்கிட்ட சாவி கிடையாது, நான் நடக்கப் போயிருக்கறச்சே அவா பூட்டிண்டு போயிட்டா சாயங்காலம் வரைக்கும் லைப்ரரியில இருப்பேன். போன் உள்ள இருக்கு. பக்கத்து வீடெல்லாம் தட்டினேன். யாரும் திறக்கலை. எல்லாரும் ஏழரைக்குள்ள கிளம்பிடுவா. ரோட்டுக்கு ஓடினேன். கார் வரிசையாப் போறது. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்."

அவர் அதைச் செய்து காட்டினார். இரண்டு கைகளும் தலைக்கு மேல் போயின.

"எல்லாரும் சிரிச்சுண்டே கையை ஆட்டினா," என்றார். "இந்த ஊர்லதான் யாரைப் பார்த்தாலும் ஆட்டுவாளே. ஒரு அம்மா கண்ணாடியை இறக்கி, குட் மார்னிங், ஹேவ் எ நைஸ் டேன்னா. எனக்கு வாயில இங்கிலீஷ் வரலை. ஹெல்ப்புங்கற வார்த்தை வரலை. நாலு வருஷமா இங்க இருக்கேன், எனக்கு வரலை. ஃப்ரெண்டு, வாட்டர், ஃப்ரெண்டு, வாட்டர்னு சொல்லிண்டே இருந்தேன். அவ பாட்டில்ல தண்ணி எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டா."

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மா மேல் கோபப்படலாமா? அவள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

"அப்புறம் திரும்பி ஓடினேன். முக்கால் மணி நேரம் ஆயிடுத்து. கிளைதான் இருந்தது."

பிறகு மேடம் கேட்டார். "மாமா, அன்னைக்கே சபரிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அவன் உங்களை எதுவும் செஞ்சிருக்கமாட்டான். பயம் இன்டர்வியூவுக்காக மட்டும் இல்லைன்னீங்களே, வேற எதுக்கு?"

கஸ்தூரிரங்கன் மேஜையைப் பார்த்தபடி பேசினார். "அந்தக் கார்ல ஒண்ணு சபரியோடது. பின்னாடி குழந்தை உக்காந்திருந்தது. டே கேருக்குப் போறான் போல. தெரிஞ்ச கார்னு நான் நடு ரோட்டுக்கே இறங்கிட்டேன். என்னைப் பார்த்தான். சிரிச்சான். கையை ஆட்டிட்டு என்னைச் சுத்திண்டு போயிட்டான். காதுல ப்ளூடூத்து மாட்டிண்டு ஏதோ மீட்டிங் பேசிண்டிருந்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போய் என்னன்னு சொல்லுவேன்? உங்கப்பாவுக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

மேடம் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். போலீஸிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும், உதவி தேடி ஓடியவரை யாரும் குற்றவாளி என்று சொல்லமாட்டார்கள், வக்கீலுக்கு நானே போன் செய்கிறேன் என்றார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

படியிறங்கும்போது, "மேடம், கடைசியில சொன்னதை விட்டுடலாம்," என்றேன். "வழுக்கி விழுந்தார்னு மட்டும் சொல்லிடுவோம். அவன் கேட்டது அதைத்தானே?"

"ஸ்டேட்மென்ட்டுல வரும் சேனாபதி. இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு அவனே படிப்பான்."

"நாளைக்குப் படிக்கட்டும். இன்னைக்கு ஒரு ராத்திரியாவது தூங்கட்டுமே."

இருபது வருஷத் தொழிலில் கேட்டவரிடம் உண்மையை மாற்றிச் சொன்னதில்லை என்பது அவர் பெருமை. இன்றுதான் அந்தப் பெருமை அவருக்குப் பாரமாக இருந்ததை நான் பார்த்தேன்.

சபரிநாதன் பதினாலாம் பிளாக் பார்க்கிங்கிலேயே நின்றிருந்தான். போலீஸ் அவனுக்குச் சொல்லிவிட்டிருந்தது. ஓடையின் கீழ்ப்பக்கம் படகு இறங்கிவிட்டது, பிரீத்தி அங்கே போயிருக்கிறாள் என்றான். பிறகு மேடத்தின் முகத்தையே பார்த்தான்.

"சொல்லுங்கக்கா. அப்பா என் மேல கோவிச்சுட்டுப் போகலைங்களே?"

"இல்ல சபரி. கால் வழுக்கிடுச்சு. உங்கப்பா மூணு கிளையைப் பிடிச்சுப் போராடியிருக்கார். உயிரோட வீட்டுக்கு வரணும்னுதான் கடைசி வரைக்கும் இருந்திருக்கார்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மூன்று நாளாக அடக்கி வைத்த அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். இவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

சபரி முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டாம் மாடி பால்கனியை நிமிர்ந்து பார்த்தான். துளசித் தொட்டிக்குப் பின்னால் கஸ்தூரிரங்கன் நின்றிருந்தார். இவன் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

"கூட ஒருத்தர் இருந்திருக்காங்கன்னு ஆபீசர் சொன்னாருங்க. மாமாதானுங்களா அக்கா?"

"ஆமா."

"அப்புறம் ஏனுங்க அவரு யாரையும் கூப்பிடலை? ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தா எங்கப்பாவைத் தூக்கியிருக்கலாமேங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கூப்பிட்டார் சபரி," என்றார் மேடம்.

"யாரைங்க?" என்று கேட்டான் சபரிநாதன்.